சூப்பர்ஹீரோ படம் சீரியஸாக இருக்கணுமா, சிரிப்பாக இருக்கணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர்ஹீரோ படம் பார்க்கிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு இரண்டு புகாரில் வந்து நிற்கும். படம் ரொம்ப சீரியஸ் அல்லது ரொம்ப காமெடி என்பது ஒன்று. ஹீரோ மனசில் ஒட்டவே இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே குறையிலிருந்து வருகின்றன என்பது என் கருத்து. ஹீரோவுக்கு ஒரு வலி வரும்போது படம் கொஞ்ச நேரம் அவன் கூடவே நிற்கிறதா, அல்லது அடுத்த காட்சிக்கு ஓடிவிடுகிறதா? கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எழுதியவைதான். பல படங்களின் முடிவைப் பேசியிருக்கிறேன், பார்க்காதவர்கள் கவனம்.

ஒரே பேட்மேன் ஒரு படத்தில் விளையாட்டுத்தனமாகவும் இன்னொன்றில் பயமுறுத்தும்படியும் வருவது ஏன்?

ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மேல் வந்த புகாருக்குப் பதிலாக எடுக்கப்பட்டதால். 1966இல் ஆடம் வெஸ்ட் நடித்த தொலைக்காட்சித் தொடரில் பேட்மேன் பளிச்சென்ற வண்ணங்களில், சிரிக்கச் சிரிக்க வந்தார். 1989இல் டிம் பர்ட்டன் அவரை இருட்டுக்குள் கொண்டுபோனார். 1992இல் பர்ட்டனே எடுத்த இரண்டாம் படத்தைப் பார்த்த அமெரிக்கப் பெற்றோர்கள், குழந்தைகளின் சாப்பாட்டோடு பொம்மை கொடுத்து விளம்பரம் செய்த படம் இவ்வளவு கொடூரமாக இருக்கலாமா என்று கோபப்பட்டார்கள். ஸ்டூடியோ இயக்குநரை மாற்றியது. ஜோயல் ஷூமாக்கர் 1995லும் 1997லும் எடுத்த படங்கள் நியான் வெளிச்சமும் கேலியுமாக வந்தன. 1997இல் வந்தது வாங்கிய அடியில், 2005இல் கிறிஸ்டோபர் நோலன் வரும்வரை பேட்மேனுக்குத் திரையரங்கில் படமே இல்லை.

நாற்பது வருடக் கதை இது. இருட்டு அதிகம் என்றால் வெளிச்சம், வெளிச்சம் அதிகம் என்றால் இருட்டு. ரசிகன் சொன்ன குறை என்ன என்று நின்று கேட்காமல் ஸ்டூடியோக்கள் ஸ்டியரிங்கை மட்டும் மறுபக்கம் ஒடித்துக்கொண்டிருந்தன.

நோலனின் இரண்டாம் படம் இருட்டாக இருந்ததால்தானே கொண்டாடப்பட்டது?

2008இல் வந்த 'த டார்க் நைட்' உலக அளவில் நூறு கோடி டாலர் வசூலைத் தாண்டியது. ஹீத் லெட்ஜருக்கு அவர் இறந்த பிறகு ஆஸ்கர் கிடைத்தது. அதைப் பார்த்து வந்த பல படங்கள் அதன் இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டன. எனக்கு அந்தப் படத்தின் உயிர் இரண்டு படகுகள் வரும் காட்சியில் இருக்கிறது. ஒரு படகில் பொதுமக்கள், இன்னொன்றில் கைதிகள். இரண்டிலும் வெடிகுண்டு. எதிர்ப் படகை வெடிக்கவைக்கும் கருவி ஒவ்வொரு படகிலும் இருக்கிறது. நள்ளிரவுக்குள் யாரும் அழுத்தாவிட்டால் இரண்டு படகும் போய்விடும். பச்சை குத்திய, ஆஜானுபாகுவான ஒரு கைதி எழுந்து வந்து, பத்து நிமிஷத்துக்கு முன்பே நீ செய்திருக்க வேண்டியதை நான் செய்கிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிக் கருவியை வாங்குகிறான். வாங்கி, ஜன்னல் வழியாகத் தண்ணீரில் வீசிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுகிறான்.

மனிதர்கள் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த படத்தை வெறும் இருட்டுப் படம் என்று எப்படிச் சொல்வது?

'மேன் ஆஃப் ஸ்டீல்' பற்றி ரசிகர்கள் இன்னும் சண்டை போடுவது எதற்காக?

2013இல் ஜாக் ஸ்னைடர் இயக்கி, ஹென்றி கேவில் சூப்பர்மேனாக நடித்த படம். எதிர்ப்பவர்கள் சொல்வது இது: சூப்பர்மேன் 1938இல் பிறந்ததிலிருந்து மக்களைக் காப்பாற்றுகிறவன். 1978 படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் சிரித்தாலே நமக்குத் தைரியம் வந்தது. இந்தப் படத்திலோ மெட்ரோபோலிஸ் நகரமே இடிந்து விழுகிறது. கீழே இருக்கிற ஜனங்களைப் பற்றிப் படம் அக்கறைப்படவில்லை. கடைசியில் சூப்பர்மேன் தன் கையாலேயே வில்லன் ஸாடின் கழுத்தை முறிக்கிறான்.

ஆதரிப்பவர்களின் வாதமும் லேசானதல்ல. இவன் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே தன்னைப் போல் சக்தி உள்ளவர்களோடு மோத வேண்டியிருக்கிறது. சின்ன வயதில், ஆற்றில் விழுந்த பள்ளிப் பேருந்தைத் தள்ளிக் கரையேற்றியதற்காக அப்பா கவலைப்படுகிறார். அவர்களைச் சாகவிட்டிருக்க வேண்டுமா என்று பையன் கேட்டால், ஒருவேளை அப்படித்தானோ என்று தடுமாறுகிறார். தன் பிள்ளையை உலகம் என்ன செய்துவிடுமோ என்று பயந்த அப்பா அவர். ஊரில் ஒட்டாமல் வளர்ந்த எத்தனையோ பேருக்கு சூப்பர்மேனாவதற்கு முன் கிளார்க் என்ற பெயரில் வளர்ந்த அந்தப் பையனைப் பார்த்தபோது தங்களையே பார்த்ததுபோல் இருந்திருக்கிறது.

என் பார்வையில் படத்தின் மிக நெருக்கமான நொடி, ஸாடைக் கொன்றபின் சூப்பர்மேன் மண்டியிட்டு அலறுவது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற, தன் இனத்தில் மிச்சமிருந்தவனையே கொல்ல வேண்டிவந்த அலறல். காதலி லோயிஸ் வந்து அணைத்துக்கொள்கிறாள். அதற்கடுத்த காட்சி என்ன தெரியுமா? ராணுவத் தளபதியின் கார் முன்னால் ஒரு உளவு விமானம் வந்து விழுகிறது. கோடிக்கணக்கான டாலர் பொருளை உடைத்துவிட்டாயே என்கிற பேச்சு. ஆள் அழகாக இருக்கிறான் என்று ஒரு பெண் அதிகாரியின் புன்னகை. அலறல் காற்றோடு போய்விட்டது. சீரியஸ் என்று பேர் வாங்கிய படம், சீரியஸாக இருந்தே ஆக வேண்டிய இடத்தில் அவசரப்பட்டுவிட்டது. இடிந்த நகரத்தைப் பற்றி இயக்குநரே யோசித்தார் என்பதற்கு 2016இல் வந்த அடுத்த படத்தின் தொடக்கம் சாட்சி: அதே சண்டையைத் தரையில் ஓடுகிற புரூஸ் வெய்னின், அதாவது முகமூடி போடாத பேட்மேனின், கண்ணால் காட்டினார். அந்தச் சில நிமிடங்களைப் பிடிக்காத ரசிகரை நான் இதுவரை பார்க்கவில்லை.

மார்வெல் படங்களில் காமெடி அளவுக்கு மீறிவிட்டதா?

எல்லாப் படத்துக்கும் இதே பதிலைச் சொல்ல முடியாது. 2008இல் 'அயர்ன் மேன்' வந்தபோது அதன் ஹீரோ டோனி ஸ்டார்க்கின் நக்கல் எல்லாருக்கும் பிடித்தது. ஏனென்றால் அது அவனுடைய பேச்சு. பணம், புத்தி, திமிர் எல்லாம் உள்ள ஒருத்தன் தன் பயத்தை மூடிக்கொள்ளப் பேசுகிற பேச்சு. குகையில் அவன் உயிரைக் காப்பாற்றிய யின்சென் சாகிறபோது அந்த வாய் அடங்கிவிடுகிறது. கிடைத்த உயிரை வீணாக்காதே என்று யின்சென் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறான். படமும் அங்கே சிரிக்கவில்லை.

பிறகு வந்த பல படங்களில் அந்த நக்கல் எல்லாருடைய வாய்க்கும் போய்ச் சேர்ந்தது. டாக்டர் ஸ்ட்ரேஞ்சும் அப்படித்தான் பேசுகிறார், இடிக் கடவுள் தோரும் அப்படித்தான் பேசுகிறார். 2017இல் டைக்கா வைடீடி எடுத்த 'தோர்: ராக்னராக்' எனக்குப் பிடித்த படம். விறைப்பாக நின்ற தோரை அது மனிதனாக்கியது. கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்துக்குள் இருந்த நகைச்சுவை நடிகரை வெளியே கொண்டுவந்தது. கடலோரப் பாறையில் தோரின் அப்பா ஓடின் மகன்களிடம் விடைபெறும் காட்சியில் மரியாதை இருந்தது. ஆனால் தோரின் ஊரான அஸ்கார்டு அழியும்போது, அஸ்திவாரம் நன்றாக இருந்தால் திரும்பக் கட்டிவிடலாம் என்று தோரின் நண்பன் கோர்க் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் அஸ்திவாரமும் வெடிக்கிறது, அரங்கமே சிரிக்கிறது. ஒரு ஜனக்கூட்டம் தன் ஊரை இழக்கிற நேரம் அது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும்.

2022இல் அதே இயக்குநரின் அடுத்த தோர் படத்தில் இது முற்றிவிட்டது. தோரின் முன்னாள் காதலி ஜேன் ஃபாஸ்டருக்குப் புற்றுநோய், நான்காம் கட்டம். தோரின் மந்திரச் சுத்தியலைத் தூக்கத் தூக்க அவள் உடம்பு கரைகிறது. நல்ல கதை, அழவைக்கக்கூடிய கதை. அதே படத்தில் கத்திக்கொண்டே வரும் இரண்டு ஆடுகளும் இருக்கின்றன. ரசிகர்கள் ஆட்டை வெறுக்கவில்லை. ஜேனோடு உட்கார நேரம் கொடுக்கவில்லையே என்றுதான் வருந்தினார்கள்.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேமில்' தோரைக் குண்டாகக் காட்டியது சரியா?

இதில் ரசிகர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. தோல்வியையும் இழப்பையும் தாங்க முடியாமல் வீட்டுக்குள் அடைந்து, பீரும் வீடியோ கேமுமாகக் கிடக்கிற ஒருவன். வில்லன் தானோஸ் பேரைச் சொன்னாலே உடைந்துபோகிறான். மன அழுத்தத்தை இவ்வளவு துல்லியமாக அதற்கு முன் எந்தப் பெரிய சூப்பர்ஹீரோ படமும் காட்டியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கூட இருக்கிறவர்கள் எல்லாரும் அவன் வயிற்றைக் கிண்டல் செய்கிறார்கள். இறந்துபோகப் போகிற அம்மா ஃபிரிக்காவைக் கடந்த காலத்தில் போய்ப் பார்த்து விடைபெறுகிற இடத்தில்கூட, சாலட் சாப்பிடு என்று அம்மா வாயாலேயே ஒரு ஜோக்.

அந்தப் படத்தை நான் மன்னிப்பது இரண்டு காரணத்துக்காக. கையை நீட்டியதும் சுத்தியல் பறந்து வர, தான் இன்னும் தகுதியானவன்தான் என்று அவன் குழந்தைபோல் மகிழ்வது ஒன்று. கடைசிச் சண்டைக்காக அவனை மந்திரத்தில் மறுபடி கட்டுமஸ்தாக்காமல், தாடியைப் பின்னி, அதே உடம்போடு அனுப்பியது இன்னொன்று.

ஸ்பைடர்மேன் மட்டும் ஏன் எல்லாருக்கும் நம்ம வீட்டுப் பையனாகத் தெரிகிறான்?

1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கியபோதே அவன் அப்படித்தான். அந்தக் காலத்தில் காமிக்ஸில் பதின்ம வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஹீரோவுக்கு எடுபிடியாகத்தான் வருவார்கள். இவனோ ஹீரோவாகவே வந்தான், அதுவும் வாடகைக் கவலையோடு.

2004இல் சாம் ரைமி எடுத்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டோபி மக்வயரின் பீட்டர் முதல் காட்சியிலேயே பீட்சா டெலிவரி வேலையை இழக்கிறான். வழியில் குழந்தைகளைக் காப்பாற்றியதால் தாமதம். கல்லூரியில் பேராசிரியர் திட்டுகிறார். பிறந்த நாளுக்குப் போனால் மே அத்தையின் வீடே கடனில் மூழ்கப்போகிறது. இருந்தும் அவர் இருபது டாலரை எடுத்து நீட்டுகிறார். வேண்டாம் என்று பீட்டர் மறுக்க, வாங்கிக்கோடா என்று குரல் உயர்ந்து, உடனே அழுதும்விடுகிறார். கொடுக்க முடியாத வீட்டில் கொடுக்கிறவர்களின் கோபம் அது. அந்த இருபது டாலரோடு அறைக்கு வந்தால் வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் அதையும் பிடுங்கிக்கொள்கிறார்.

துணி துவைக்கும் கடையில் ஸ்பைடர்மேன் உடையின் சாயம் இறங்கி அவனுடைய மற்ற வெள்ளைத் துணியெல்லாம் பாழாகிறது. சக்தி போய், லிஃப்டில் அதே உடையோடு நின்று, இது அரிக்கிறது என்று பக்கத்து ஆளிடம் சொல்கிறான். எல்லாம் சிரிப்புக் காட்சிதான். ஆனால் அவன் கஷ்டத்திலிருந்தே அந்தச் சிரிப்பு வருவதால் அவனை விட்டு நாம் விலகுவதில்லை. வீட்டுக்காரரின் மகள் உர்சுலா ஒரு துண்டு சாக்லேட் கேக்கும் பாலும் கொண்டுவந்து நீட்டுகிற காட்சியால் கதை ஒரு அங்குலம்கூட நகராது. இன்றைய அவசரத்தில் முதலில் வெட்டப்படும் காட்சி அதுவாகத்தான் இருக்கும். அந்தப் படத்தை நேசிக்கிறவர்கள் முதலில் நினைவுகூர்வதும் அதைத்தான்.

ரயிலை நிறுத்தி மயங்கி விழுந்தவனை ஜனங்கள் தலைக்கு மேல் கையோடு கையாகக் கடத்திக் கீழே கிடத்துகிறார்கள். முகமூடி இல்லை. இவன் சின்னப் பையன், என் மகனைவிடப் பெரியவன் இல்லை என்கிறார் ஒருவர். அந்த நொடியில் ரயிலுக்குள் நாமும் நிற்கிறோம்.

டாம் ஹாலண்டின் ஸ்பைடர்மேன் ஒட்டவில்லை என்று சிலர் சொல்வது நியாயமா?

ஓரளவு நியாயம்தான். அவனுடைய உடையும் கருவிகளும் டோனி ஸ்டார்க் கொடுத்தவை. தப்புச் செய்தாலும் கைகொடுக்க ஒரு கோடீஸ்வரர் இருந்தார். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பையனின் துறுதுறுப்பு அவரிடம் இருப்பதுபோல் மற்றவர்களிடம் இல்லை. 2021இல் 'நோ வே ஹோம்' முடிவில் கணக்கு நேரானது. உலகமே அவனை மறந்துவிடுகிறது. காதலி எம்ஜே வேலை செய்யும் கடைக்குப் போய் உண்மையைச் சொல்ல நினைக்கிறான். அவள் நெற்றியில் காயத்துக்குப் போட்ட கட்டைப் பார்த்ததும், சொல்லாமலே திரும்பிவிடுகிறான். சின்ன வாடகை அறை, தானே தைத்த உடை. அங்கிருந்துதான் அவன் எனக்கு பீட்டர் பார்க்கர் ஆனான்.

ஏழை ஹீரோ என்றால்தான் மனசில் ஒட்டுமா? கோடீஸ்வரனும் அழிவில்லாதவனும் எப்படி ஒட்டுகிறார்கள்?

வறுமை ஒரு வழி, அவ்வளவுதான். 2017இல் வந்த 'லோகன்' ஹீரோவுக்கு எந்தக் காயமும் ஆறிவிடும் என்று பேர். படத்தில் அவனுக்கு எழுத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறது. வாடகைக் கார் ஓட்டிப் பணம் சேர்த்து, மூளை தளர்ந்துபோன பேராசிரியர் சேவியருக்கு மருந்து வாங்குகிறான். கிழவர் திட்டுகிறார், இவனும் திட்டுகிறான், பிறகு தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறான். வயதான அப்பாவைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் அந்த எரிச்சலும் பாசமும் கலந்த சத்தம் தெரியும். வன்முறை கடுமையான படம், நகைச்சுவை மிகக் குறைவு. ஆனாலும் சூப்பர்ஹீரோ படங்களிலேயே மனசுக்கு மிக அருகில் வந்தது இதுதான் என்பவர்கள் ஏராளம்.

மேட் ரீவ்ஸின் 2022 பேட்மேன் படத்தில் ராபர்ட் பாட்டின்சன் தொடக்கத்தில் தன்னைப் பழிவாங்கலின் உருவம் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். முடிவில், பிடிபட்ட ஒரு கொலைகாரன் அதே வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்கிறான். கேட்ட பேட்மேனுக்குப் பொட்டில் அடித்தாற்போல் ஆகிறது. பிறகு அவர் தண்ணீருக்குள் குதித்து, சிவப்புத் தீப்பந்தத்தைப் பிடித்தபடி ஜனங்களை வெளியே கூட்டிவருகிறார். தான் போகிற வழி தப்பு என்று உணர்ந்து திருத்திக்கொள்கிற மனிதனைப் புரிந்துகொள்ள நமக்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை.

ரசிகர்களின் கருத்துக்கு ஒரு படத்தையே மாற்றும் பலம் உண்டா?

உண்டு. 2017இல் சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் ஒன்றுசேரும் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தின் நடுவில் மகளின் மரணத்தால் ஸ்னைடர் விலகினார். ஜாஸ் வீடன் புதிய காட்சிகள் எடுத்து, ஜோக்குகள் சேர்த்து முடித்தார். இரண்டு பேருடைய டோனும், அதாவது படத்தின் தொனியும், ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஹென்றி கேவில் இன்னொரு படத்துக்காக வளர்த்திருந்த மீசையைக் கணினியில் அழித்ததால் சூப்பர்மேனின் உதடே விநோதமாகத் தெரிந்தது. ரசிகர்கள் வருடக்கணக்கில் குரல் கொடுத்ததில், 2021 மார்ச்சில் ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்பு வெளியானது. 2017 பதிப்பில் ஓரமாக நின்ற சைபோர்க் என்ற ஹீரோ, இதில் கதையின் இதயமாக இருந்தான். அந்த ரசிகர்கள் தற்கொலைத் தடுப்புப் பணிக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அதே இயக்கத்தின் பேரில் சிலர் இணையத்தில் எதிர்க்கருத்துக்காரர்களை மோசமாக ஏசியதும் நடந்தது. அதை நியாயப்படுத்த முடியாது.

தமிழ் டப்பிங்கில் பார்த்தால் டோன் மாறுமா?

மாறும். 2019இல் 'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார், டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அவருடைய நடிப்புக்கு நான் ரசிகன். ஆனால் முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரல் மாறிவிட்டது என்று தமிழ் ரசிகர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். பதினோரு வருடம் கூட வந்தவன் சாகிற படம் அது. அந்த நேரத்தில் டோனியின் முகத்துக்குப் பின்னால் வேறொரு பிரபலமான முகம் தெரிந்தால் அழுகை தடைபடும். டப்பிங்கில் ஜோக்கை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குரலை மட்டும் ஒருவரிடமே விட்டுவைக்க வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

மலையாளத்தில் 2021இல் பேசில் ஜோசப் எடுத்த 'மின்னல் முரளி'. ஹீரோ ஜெய்சன் ஊர்த் தையல்காரர். அமெரிக்கா போகும் கனவோடு இருக்கிறவர். வில்லன் ஷிபுவாக நம் கூத்துப்பட்டறையில் நடிப்புப் பயின்ற குரு சோமசுந்தரம். இருவர் மேலும் ஒரே இரவில் மின்னல் விழுகிறது. ஊரே ஒதுக்கிவைத்த ஷிபு, பல வருடம் காத்திருந்த உஷாவிடம் பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் சிரிப்பும் அழுகையுமாக அவர் முகம் படும் பாட்டைப் பாருங்கள். கேமரா அசையாமல் காத்திருக்கிறது. வில்லனின் வலிக்கும் நேரம் கொடுத்த படம்.

2025இல் வந்த புதிய சூப்பர்மேன் எந்தப் பக்கம்?

ஜேம்ஸ் கன் எடுத்த படம், டேவிட் கோரன்ஸ்வெட் நடித்தது. வண்ணம், நாய், ஜோக் எல்லாம் உண்டு. ஆனால் முதல் காட்சியிலேயே சூப்பர்மேன் தோற்று, ரத்தம் வழியப் பனியில் விழுந்து கிடக்கிறான். ராட்சத மிருகத்தோடு சண்டை போடும்போது ஒரு அணிலைத் தூக்கி ஓரமாக விடுகிறான். சிலருக்கு அந்த அணில் அபத்தமாகப் பட்டது. எனக்கு அவன் யார் என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. சொந்தப் பெற்றோர் அனுப்பிய செய்தியின் மறுபாதி கெட்டதாக இருந்தது என்ற மாற்றம் பழைய ரசிகர்கள் பலருக்குக் கசந்தது. அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வளர்த்த அப்பா ஜானதன் கென்ட் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ யார் என்பதை நீ செய்கிறவைதான் சொல்லும் என்று திக்கித் திணறிப் பேசுகிற காட்சிக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டது. அங்கே படம் எந்த ஜோக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது.

சூப்பர்ஹீரோ படமே பிடிக்காத ஒருவருக்கு எதிலிருந்து காட்டலாம்?

'ஸ்பைடர்மேன் 2'. முந்தைய படத்தின் சுருக்கம் டைட்டிலிலேயே ஓவியமாக வந்துவிடும், பார்க்காதவர்களும் தொடரலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 2018இல் வந்து, பிறகு ஆஸ்கர் வாங்கிய அனிமேஷன் ஸ்பைடர்மேன் படம், மைல்ஸ் மோராலஸ் கதை. மூடிய கதவுக்கு வெளியே நின்று அப்பா மகனிடம் பேசுகிற காட்சியைப் பெரியவர்களும் மறக்கமாட்டார்கள். 'லோகன்' பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகள் தூங்கியபின்.